சிங்காரம் கட்டிய அணை

ஜப்பான்காரன் மலைக்கு வந்த பிறகு எல்லோரும் மெலிந்தார்கள். சிங்காரம் ஒருவன்தான் பருத்தான்.

வெள்ளைக்காரத் துரை காலத்தில் அவன் தேயிலைத் தோட்டத்தில் மூன்றாம் கிராணி, அதாவது குமாஸ்தா. கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பெண்கள் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு எடையைக் குறைத்துச் சொல்லுவான். துரையின் மோட்டார் சத்தம் வளைவில் கேட்டாலே முதுகை வளைத்துவிடுவான். ஆகையால் ஜப்பானியருக்குக் குனிந்து வணக்கம் சொல்ல அவன் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை. முன்னைவிட இன்னும் கொஞ்சம் கீழே போனால் போதுமாயிருந்தது. துரை தப்பி ஓடிய வாரத்திலேயே துரை விட்டுப்போன கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ராணுவ லாரிக்கு முன்னால் போய் நின்றான். மாதம் திரும்புவதற்குள் ‘சிங்காரம் சான்’ ஆகிவிட்டான்.

ஜப்பானியருக்குத் தேயிலை வேண்டியிருக்கவில்லை. பாதிச் செடிகளைப் பிடுங்கி மரவள்ளி நட்டார்கள். மீதி ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகிக் கிடந்தது. அவர்களுக்கு வேண்டியது தோட்டத்துக்கு மேலே, மலை இடுக்கில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய லம்பம், ஈயச் சுரங்கம். ஈயத்தோடு சேர்ந்து அங்கே கறுப்பாக ஒரு தாது கிடைக்கும். பீரங்கிக்கான எஃகை அதைச் சேர்த்துத்தான் கடினமாக்குவார்களாம். கொழுந்து பறித்தவர்களையெல்லாம் சுரங்கக் கூலிகளாக்கி லம்பத்தைத் திறந்தார்கள்.

லம்பத்தில் வேலை இவ்வளவுதான். மலைச்சரிவின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைப்பார்கள். கரைந்த சேறு மரக் காடிகளில் ஓடும்போது கனமான தாது அடியில் தங்கிவிடும். மிச்சமெல்லாம் கழிவு. மாவு போன்ற அந்தச் சாம்பல் நிறச் சேற்றை ஆற்றில் விட்டால் ஜப்பானியர் கீழே பெர்த்தாம் பள்ளத்தில் போட்டிருந்த காய்கறித் தோட்டங்கள் பாழாகும். அதனால் இடுக்கின் வாயில் ஒரு மண் அணை எழுப்பி அதன் பின்னால் சேற்றைத் தேக்கினார்கள். அணைக்கு நேர் கீழே சிப்பாய்களின் காவல் வீடும் அரிசிக் கொட்டகையும். அதற்கும் கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்கள்.

அணையைக் கட்டும் பொறுப்பு சிங்காரத்திடம் வந்தது. அதற்குத் தூரத்துச் சரிவிலிருந்து சிவப்புக் களிமண் வெட்டிச் சுமந்து, அடுக்கடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும். அதற்கு ஆளும் நாளும் பிடிக்கும். சிங்காரம் எளிய வழி ஒன்று கண்டுபிடித்தான். தேங்கிய சேற்றின் ஓரம் வெயிலில் காய்ந்து பொருக்குத் தட்டியதும் அதையே வெட்டி அணையின் மேல் அள்ளிப் போடச் சொன்னான். அணை வாரத்துக்கு வாரம் உயர்ந்தது. சேற்றின் மேல் சேற்றை ஏற்றி, அதன் தலையில் லம்பத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும் பம்பு எஞ்சினையும் தூக்கி வைத்தான். லம்பத்தின் அதிகாரியான லெப்டினன்ட் மொரிட்டா வந்து பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு சிங்காரம் லயத்துக்கு வந்து, நடந்துகொண்டிருந்த ஒருவரைக் காரணமில்லாமல் அறைந்தான். சந்தோஷத்தை அவன் அப்படித்தான் கொண்டாடுவான்.

மழைக்காலம் நெருங்கியபோது அணையின் அடியில் ஈரம் கசிந்தது. மண்ணைப் பரிசோதித்துச் சொல்லும்படி மொரிட்டா உத்தரவிட்டான்.

பக்கத்து ஊரான தானா ராத்தாவில் மண் பரிசோதிக்கத் தெரிந்தவர் ஒருவரே இருந்தார். பெயர் நாகப்பன். மலைப்பாதையின் சரிவுகள் சரியாமல் இருக்க மண்ணைச் சோதித்துச் சொல்லும் ஒரு கூடம் வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே இருந்தது. அதில் உதவியாளராக இருந்தவர் அவர். கோலாலம்பூரில் படித்தவர். அரிசி கிடைக்காத நாளிலும் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொள்வார். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் முட்டாள்கள் என்பது அவருடைய தீர்மானம். மீதிக் கால்வாசிப் பேரை அவர் இன்னும் சந்தித்திருக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் வணக்கம் சொன்னால் தலையை அசைக்கக்கூட மாட்டார். அவர்களும் பதிலுக்கு ஒன்று செய்திருந்தார்கள். அவருக்கு ‘சேத்துத் தொர’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சிங்காரம் மண்ணெண்ணெய் டின் ஒன்றில் மண் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

“அணையில எடுத்த மண்ணு. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. மொரிட்டா துவான் காத்துக்கிட்டு இருக்காரு.”

நாகப்பன் ஒரு பிடி எடுத்து உடைத்தார். சிவப்புக் களிமண். உள்ளே மயிர்போல ஒரு வேர் இருந்தது. அதை இழுத்து சிங்காரத்தின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இது என்ன?”

“வேரு.”

“தேயிலை வேர். அணைக்குள்ள தேயிலை நட்டிருக்கியா?”

சிங்காரம் சிரிக்கப் பார்த்தான். “ஏதோ வழியில விழுந்திருக்கும்லா. நமக்குள்ள என்ன?”

“நமக்குள்ள ஒண்ணும் இல்ல. டின்ன எடுத்துக்கிட்டுப் போ. மண்ணை நானே வந்து எடுத்துக்கறேன்.”

மறுநாள் காலை அவர் அணைமேல் ஏறினார். சேறு சுமந்துகொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். நாகப்பன் அணையின் உடம்பில் குழி தோண்டி, அடியிலிருந்து ஈர மண்ணை எடுத்து உள்ளங்கையில் அடைபோல் தட்டிக்கொண்டார். பிறகு கையைப் பக்கவாட்டில் குலுக்கினார். சொரசொரவென்று இருந்த அடையின் மேல் தண்ணீர் ஊறி எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. விரலால் அழுத்தியதும் பளபளப்பு உள்ளே ஓடி ஒளிந்தது. மறுபடி குலுக்கினார், மறுபடி பளபளத்தது. களிமண் அப்படிச் செய்யாது. மாவுச் சேறுதான் செய்யும். சும்மா கிடக்கும்வரை கெட்டியாக இருப்பதுபோல் பாவனை காட்டும், உலுக்கினால் ஓடிவிடும். அவருடைய தலைக்கு மேலே பம்பு எஞ்சின் தடதடவென்று அணையை உலுக்கிக்கொண்டிருந்தது.

கூடத்துக்குத் திரும்பி முறையாகச் சோதித்தார். மண்ணை நிறுத்து, அடுப்பில் உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பார்த்தால் அதில் இருந்த நீர் தெரியும். பிறகு அந்த மண்ணைக் குழைத்துப் பித்தளைக் கிண்ணத்தில் பரப்பி, நடுவே ஒரு கோடு கீறி, கைப்பிடியைச் சுழற்றினால் கிண்ணம் எழும்பி எழும்பித் தட்டும். எவ்வளவு தண்ணீர் இருந்தால் கோடு மூடிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த அளவைத் தாண்டினால் அது மண் இல்லை, கஞ்சி. சிங்காரத்தின் அணையில் அந்த அளவுக்கு மேலேயே தண்ணீர் இருந்தது.

“அணை நிக்கல. விழறதுக்கு நேரம் பாத்துக்கிட்டிருக்கு” என்று அவர் சிங்காரத்திடம் சொன்னார். “சேத்துக்குள்ள விடற தண்ணிய நிறுத்து. பம்ப எறக்கு. அடியில கல்லப் போட்டுத் தண்ணி வடிய வழி பண்ணு. இதெல்லாம் உன் மண்டையில ஏறாது. மொரிட்டாகிட்ட சொல்லு, அவனுக்காவது ஏறுதா பாப்போம்.”

சிங்காரம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு சிப்பாய்களோடு கூடத்துக்கு வந்து, நிப்பான் ராணுவத்துக்கு உலோகம் சேர்ப்பதாகச் சொல்லிப் பித்தளைக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஒரு துப்பாக்கித் தோட்டாவுக்குக்கூட அந்தப் பித்தளை காணாது. கிண்ணம் போனால் மண் கெட்டியாகிவிடும் என்று அவன் உண்மையாகவே நம்பியிருக்க வேண்டும்.

நாகப்பன் கோபப்படவில்லை. ஒரு பன்றி தன் புத்தகத்தைத் தின்றுவிட்டால் என்ன தோன்றுமோ அதுதான் அவருக்குத் தோன்றியது. அணைக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்கக் கிண்ணம் தேவையில்லை, மூங்கில் போதும். நீண்ட மூங்கில்களின் கணுக்களை உள்ளே குத்தித் திறந்து, அடியில் துளை போட்டு, சேறு புகாதபடி தேங்காய் நார் சுற்றி அணைக்குள் இறக்க வேண்டும். உள்ளே தக்கையாலான ஒரு மிதவை. அதன் மேல் மெல்லிய நாணல் குச்சி. குச்சியின் நுனியில் துணி. அணைக்குள் தண்ணீர் ஏறினால் துணியும் ஏறும்.

சிங்காரத்தின் அனுமதி வேண்டும். அதற்கு அவர் அதிகம் சிரமப்படவில்லை.

“மொரிட்டா வர்றப்போ அணைமேல வரிசையா வெள்ளக் கொடி பறந்தா எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

சிங்காரத்தின் கண் விரிந்தது. “நல்லாத்தான் இருக்கும்லா” என்றான். அன்றே ஆட்களைக் கொடுத்தான். அணையின் சாவுக் குறியைத் தன் செலவிலேயே நட்டுவைத்து, கொடிகள் நேராக நிற்கின்றனவா என்று தள்ளி நின்று அழகு பார்த்தான்.

மழை தொடங்கியது. கொடிகள் ஏறின. முதலில் மூங்கில் வாயோடு ஒட்டிக்கிடந்த துணிகள் ஒரு சாண் எழும்பின. பிறகு முழ உயரம். மொரிட்டா வர இன்னும் நாளாகும் என்று தெரிந்ததும் நாகப்பன் லயத்துக்குப் போனார். அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

சேறு சுமக்கும் கூட்டத்துக்குத் தங்கம்மாதான் முன்னால் நிற்பவள். அவள் புருஷனை சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கோணிச் சாக்கைப் பாவாடையாகத் தைத்துக் கட்டிக்கொண்டு மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள், அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“இந்தாம்மா, கொடி ஏறுதே பாத்தியா? அணை ஒடையப் போகுது. எல்லாரும் மேல போயிடுங்க” என்றார் நாகப்பன்.

“எங்க போறது?”

“எங்கயாவது. தேயில ஃபேக்டரி மேட்டுல இருக்குல்ல. காலியாத்தான கெடக்கு.”

“பூட்டு கிராணி கையில இருக்கு. மீறிப் போனா சயாமுக்கு அனுப்பிடுவான்.” தங்கம்மா கிழங்குத் தோலை ஒதுக்கினாள். “நீங்க இத்தன வருசமா இந்த ரோட்டுல போறீங்க வர்றீங்க. ஒரு நாளு எங்க மூஞ்சியப் பாத்ததில்ல. இன்னிக்கு வந்து வீட்ட விட்டு ஓடுங்கிறீங்க. கொடி ஏறுனா அணை ஒடையும்னு நாங்க எதுக்கு நம்பணும்?”

“நம்பாட்டி சாவுங்க” என்றார் நாகப்பன்.

பக்கத்து வாசலில் சின்னையா நின்றிருந்தார். லயத்தில் மிச்சமிருந்த ஒரே பசுமாடு அவருடையது. சிப்பாய்கள் கண்ணில் படாமல் தேயிலைக் காட்டுக்குள் மறைத்து வளர்த்துவந்தார். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“ஐயா, அப்படிப் போறதா இருந்தா மாட்ட எங்கிட்டுக் கட்டறது?”

“நான் என்ன மாட்டு டாக்டரா?” என்று சொல்லிவிட்டு நாகப்பன் போய்விட்டார்.

கொடி விஷயம் சிங்காரத்தின் காதுக்கு எட்டியது. அவன் அணையின் மேல் ஏறி, கொடிகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு அரிவாளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு நாணல் குச்சியையும் பாதியாக வெட்டி, துணியைத் திரும்பக் கட்டினான். கொடிகளெல்லாம் ஒரே வரிசையில் அடக்கமாக மூங்கில் வாயில் வந்து உட்கார்ந்தன. அணைக்குள் ஏறிய தண்ணீரை அரிவாளால் வெட்டி இறக்கிவிட்ட நிம்மதியோடு அவன் சாப்பிடப் போனான்.

மொரிட்டா வந்த அன்று மழை விட்டிருந்தது. சிங்காரம் குனிந்தபடியே அவனுக்கு முன்னால் பின்னோக்கி நடந்து வழிகாட்டினான். நாகப்பனும் வரவழைக்கப்பட்டிருந்தார்.

“எல்லாம் பத்திரமா இருக்கு, துவான். கொடி எறங்கிடுச்சு” என்று மலாயில் சொன்னான் சிங்காரம்.

மொரிட்டா குட்டையான ஆள், கண்ணாடி போட்டிருந்தான். அவன் மூங்கில் பக்கம் குனிந்து நாணலை எடுத்துப் பார்த்தான். அரிவாள் பட்ட நுனி இன்னும் வெள்ளையாக இருந்தது. நாகப்பனைப் பார்த்தான். நாகப்பன் ஒரு மூங்கிலுக்குள் கயிற்றை விட்டு எடுத்துக் காட்டினார். நனையாத பகுதி ஒரு கை நீளம்கூட இல்லை. அணைக்குள் தண்ணீர் கிட்டத்தட்ட தலைவரை நின்றது.

மொரிட்டா கையுறையைக் கழற்றினான். அணையின் சரிவிலிருந்து ஒரு பிடி ஈரச் சேற்றை எடுத்து உள்ளங்கையில் தட்டி, கையைப் பக்கவாட்டில் குலுக்கினான். சேறு பளபளத்தது. விரலால் அழுத்தினான். பளபளப்பு மறைந்தது.

பல வருஷத்தில் முதல் தடவையாக, தான் செய்வது என்னவென்று தெரிந்த ஒரு மனிதனை நாகப்பன் பார்த்தார்.

“டோக்கியோவில் எனக்கு இதுதான் படிப்பு” என்று மொரிட்டா தெளிவான ஆங்கிலத்தில் சொன்னான். “எவ்வளவு காலம் தாங்கும்?”

“அடுத்த பெரிய மழை. இல்லாவிட்டால் அதற்கடுத்தது. பம்பை நிறுத்தினால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.”

“பம்பை நிறுத்த முடியாது. தாது அனுப்ப வேண்டும்.”

“கீழே லயத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.”

“தெரியும்” என்றான் மொரிட்டா. கைக்குட்டையால் சேற்றைத் துடைத்துக்கொண்டு கையுறையை மறுபடி மாட்டினான். “ஆட்களை நகர்த்தினால் வேலை நிற்கும். நன்றி. நல்ல பரிசோதனை.”

அவன் போன பிறகு நாகப்பன் அங்கேயே நின்றார். சிங்காரத்தை அருவருப்பது எளிதாக இருந்தது. அறியாமை அவனுக்கு ஒரு சாக்காகவாவது இருந்தது. இவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நல்ல பரிசோதனை என்று பாராட்டு வேறு. அவர் காறித் துப்பினார்.

மறுநாள் காலை சிப்பாய்கள் அரிசிக் கொட்டகையைக் காலி செய்தார்கள். மூட்டைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையாக மேட்டில் ஏறினார்கள். பிறகு காவல் வீட்டிலிருந்த கட்டில்கள், இயந்திரத் துப்பாக்கி, மொரிட்டாவின் பூந்தொட்டி எல்லாம் போயின. லயத்து ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தங்கம்மா கடைசி மூட்டை மேலே போகும்வரை பார்த்தாள்.

“சேத்துத் தொர சொன்னது நெசம்தான். நம்மள விட்டுட்டு அரிசியத் தூக்கிட்டுப் போறானுங்க. வாங்க, போலாம்” என்றாள்.

பகல் வெளிச்சத்திலேயே, பானை சட்டி பாய்களோடு எல்லோரும் மேட்டில் ஏறினார்கள். தேயிலை ஃபேக்டரியின் கதவில் பூட்டுத் தொங்கியது. தங்கம்மா சேறு வெட்டும் சங்குல் மண்வெட்டியை வாங்கி அதைக் கொண்டியோடு பெயர்த்தாள். கொழுந்து வாட்டும் மாடியில் ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொண்டார்கள். நாகப்பன் கேள்விப்பட்டு வந்து, ஏணியடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு கிழவியின் பாயை வாங்கி மேலே ஏற்றிக் கொடுத்தார். அவள் அவரை யாரென்று தெரியாமல் “பத்திரமா வைப்பா” என்றாள். அவர் பத்திரமாக வைத்தார்.

சிங்காரத்துக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. தன் நாய்க்கு விளக்கம் சொல்லும் வழக்கம் மொரிட்டாவுக்குக் கிடையாது. காலியான காவல் வீட்டை என்ன செய்வது என்று சிங்காரம் கேட்டபோது, “வேண்டுமானால் நீ எடுத்துக்கொள்” என்று சொல்லிவிட்டான். சிங்காரத்துக்குத் தலைகால் புரியவில்லை. சிமெண்ட் தரை, தகரக் கூரை, கண்ணாடி ஜன்னல். நிப்பான் அதிகாரிகள் இருந்த வீடு. அன்றைக்கே பெட்டி படுக்கையோடு குடி புகுந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பூட்டை உடைத்தவர்களை நாளைக்குக் கவனித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

நாகப்பன் அந்தப் பக்கம் போனபோது அவன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“சிப்பாய் ஏன் இத விட்டுட்டுப் போனான்னு யோசிச்சியா?” என்று நாகப்பன் கேட்டார்.

“எனக்குக் குடுக்கத்தான்.”

“அடேய். அணை ஒடையப் போகுதுடா. வெளிய வா.”

நாகப்பன் அதை உண்மையாகவே சொன்னார். ஆனால் குரலை அப்படி மாற்றிப் பேச அவருக்குப் பழக்கமில்லை. வழக்கமான ஏளனமாகத்தான் அது வெளியே வந்தது. சிங்காரம் சிரித்தான்.

“வயித்தெரிச்சலு. படிச்சவனுக்கு மாடி ரூமு, மூணாவது கிராணிக்கு சிமெண்ட் வீடு. தாங்க முடியலல்ல உங்களுக்கு?”

நாகப்பன் தோளைக் குலுக்கிவிட்டு நடந்தார்.

அன்று இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்த மழை விடிந்தும் விடவில்லை. பகலில் பம்பு வழக்கம்போல் ஓடியது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஃபேக்டரி ஜன்னலோரம் இருந்தவர்கள் எஞ்சின் சத்தம் திடீரென்று மாறியதைக் கேட்டார்கள். எட்டிப் பார்த்தபோது அணையின் மேல் எஞ்சின் இருந்த இடத்தில் எஞ்சின் இல்லை. அணை உடைந்து சிதறவில்லை, தளர்ந்தது. கெட்டியாக நின்ற சரிவு முழுவதும் கொழகொழவென்று மடங்கி, எங்கே போவது என்று யோசிப்பதுபோல் ஒரு கணம் தயங்கி, பிறகு ஓடத் தொடங்கியது. சாம்பல் நிறச் சேறு இடுக்கை நிறைத்துக்கொண்டு இறங்கியது. காவல் வீட்டின் தகரக் கூரை ஒரு பக்கமாகத் திரும்பிப் போனது தெரிந்தது. லயங்கள் இருந்த இடத்தைச் சேறு மூடியபோது பெரிய சத்தம்கூட இல்லை.

மாடியில் ஆள் எண்ணினார்கள். சின்னையா இல்லை.

காலையில் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தார். மாட்டை மேட்டுக்கு ஓட்டிவர அவர் யாரையும் கேட்கவில்லை. பதில் எப்படி வரும் என்று முன்பே தெரிந்துகொண்டிருந்தார் போலும். சாயங்காலம் அவரைக் கண்டெடுத்தார்கள். மாட்டுக் கயிறு கையில் சுற்றியிருந்தது. நாகப்பன் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தூரமாகப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். கூப்பிட்டபோதும் எழுந்து வரவில்லை. குழி வெட்டியபோது மட்டும் வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். வேறு யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை.

சிங்காரம் சாகவில்லை. வெட்டாமல் காடாகிப்போன தேயிலைச் செடிகள் அவனைப் பிடித்து நிறுத்தியிருந்தன. கழுத்துவரை சேற்றில் புதைந்து கிளையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். பெண்கள் கோணிகளை முடிச்சுப் போட்டு எறிந்து இழுத்தார்கள். சேறு அவனை எளிதில் விடவில்லை. கோட்டையும் கால்சட்டையையும் பிடித்துவைத்துக்கொண்டு ஆளை மட்டும் கொடுத்தது. வெளியே வந்ததும் இருமி, வாயிலிருந்த சேற்றைத் துப்பி, சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தான்.

“வேலை நேரத்துல இங்க என்ன பண்றீங்க?” என்றான்.

தங்கம்மா கோணிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டாள். “இவன இழுத்ததுக்குக் கை வலிதான் மிச்சம்” என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

அடுத்த வாரம் மொரிட்டா நாகப்பனை அழைத்தான். பல மாதத் தாது சேற்றோடு போயிருந்தது. மேலிடத்திலிருந்து அவனுக்கு என்ன வந்ததோ, ஒரு கன்னம் வீங்கியிருந்தது. புது அணைக்கு இடம் பார்த்து மண்ணைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றான்.

“பழைய அணைக்கும் சொன்னேன்” என்றார் நாகப்பன்.

“இந்தத் தடவை கேட்பேன். தாது போய்விடுகிறது.”

செத்துப்போன சின்னையாவைப்பற்றி அவன் வாயில் ஒரு சொல் வரவில்லை. நாகப்பனுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு சயாமுக்கே போய்விடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் இவர் முடியாது என்றால் அணையை மறுபடி சிங்காரம் கட்டுவான்.

“சிவப்புக் களிமண்ணில் கட்ட வேண்டும். அடியில் கல் வடிகால் வேண்டும். பம்பு அணைமேல் ஏறக்கூடாது. மூங்கில் குழாய்களை நான் சொல்லும் ஆள் பார்ப்பார். அந்த ஆள் கை காட்டினால் பம்பு நிற்க வேண்டும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.”

“யார் அந்த ஆள்?”

“தங்கம்மா என்று ஒரு பெண்.”

மொரிட்டா ஒரு சிரிப்புச் சிரித்தான். பிறகு தாதுவை நினைத்துச் சரி என்றான்.

நாகப்பன் ஃபேக்டரிக்குப் போய் தங்கம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். இந்தத் தடவை அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னார்.

“ஜப்பான்காரனுக்கு அணை கட்டிக் குடுக்கணுமா?” என்று கேட்டாள்.

“அவனுக்கு இல்ல. கீழ இருக்கறவங்களுக்கு.”

“கீழ இனிமே யாரு இருக்கா?”

“பெர்த்தாம் பள்ளத்துல இருக்காங்க. தோட்டம் போட்டுக்கிட்டு.”

“கொடிய எப்படிப் பாக்கறதுன்னு சொல்லிக் குடுங்க” என்றாள்.

புது அணை மெதுவாக எழுந்தது. சிங்காரத்துக்குப் பதவி போய்விட்டது. களிமண் சுமப்பவர்களோடு அவனையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். கூடையை இறக்கி வைக்கும்போதெல்லாம் தான் யார் என்பதைப் பக்கத்திலிருப்பவர்களுக்கு நினைவுபடுத்தினான். அடுத்த மழையில் ஒரு கொடி நாகப்பன் குறித்துவைத்த எல்லைக்கோட்டைத் தாண்டியபோது தங்கம்மா மேட்டிலிருந்து கையை உயர்த்தினாள். பம்பு நின்றது.

“யார் குடுத்த உத்தரவு?” என்று சிங்காரம் கீழேயிருந்து கேட்டான். “இப்படி நிறுத்தறதுக்கு யாரு உனக்கு அதிகாரம் குடுத்தா?”

தங்கம்மா அடுத்த மூங்கிலைப் பார்க்கப் போனாள். தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் லம்பத்தில் வேலை இல்லை. ஆட்கள் மரவள்ளி பிடுங்கி அவித்துத் தின்றுவிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.